புல்லால் ஒரு டொயோட்டா, ஒளிந்திருந்து கற்ற ஒரு கூடை: ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் முடைதல் கலை எப்படி உயிர் பிழைத்தது?

2005-ம் ஆண்டு. ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் டார்வின் நகரம். நாட்டின் பூர்வகுடிக் கலைஞர்களுக்கான தேசியக் கலை விருது அறிவிக்கப்படுகிறது. வழக்கமாகப் புள்ளி ஓவியங்களும் மரப்பட்டை ஓவியங்களும் கலக்கும் மேடை அது. அந்த வருடம் முதல் பரிசு போனது ஒரு டொயோட்டா வண்டிக்கு! ஆமாம், நிஜ வண்டி அளவிலேயே, பாலைவனப் புல்லைச் சுருட்டித் தைத்துச் செய்த டொயோட்டா.

செய்தவர்கள் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இருக்கும் பபுலன்குஜா என்ற சிறிய ஊரின் பெண்கள். சுமார் இருபது பேர். ஆங்கிலத்தில் அந்த ஊருக்கு பிளாக்ஸ்டோன் என்று பெயர். ஏன் டொயோட்டா? அங்கே அடுத்த ஊருக்குப் போக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மண் சாலை. வேட்டைக்கு, சாவு வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, புல் அறுக்கப் போவதற்கு என எல்லாவற்றுக்கும் அந்த நான்கு சக்கர வண்டிதான். எந்த கம்பெனி வண்டியாக இருந்தாலும் அங்கே பேச்சு வழக்கில் 'டொயோட்டா'தான். நம்மூரில் மண் அள்ளும் எந்த எந்திரத்தையும் ஜேசிபி என்று சொல்கிறோமே, அதேபோல.

இதில் இன்னொரு சுவாரஸ்யம் இருக்கிறது. பரிசு வாங்குவதற்குப் பத்து வருடம் முன்புவரை அந்தப் பெண்களுக்குக் கூடை செய்யவே தெரியாது. தெரிந்திருக்க அவசியமும் இல்லை. அவர்களுடைய பாட்டிமார் தண்ணீரையும் விதைகளையும் மரத்தில் குடைந்த தொட்டிகளில் வைத்துத் தலையில் சுமந்தவர்கள். தொட்டிக்கு அடியில் வைக்க, முடி, புல், இறகு ஆகியவற்றை உருட்டிச் சுற்றிய ஒரு வளையம் உண்டு. பெயர் மங்குரி. நம் ஊர்ப் பெண்கள் குடத்துக்கு அடியில் வைக்கிற சும்மாடுதான், வேறொன்றுமில்லை. 1995-ல் பாலைவனப் பெண்களின் அமைப்பான என்.பி.ஒய். பெண்கள் கவுன்சில் கூடை முடையும் பயிற்சி ஒன்றை அங்கே நடத்தியது. மங்குரி சுற்றிப் பழகிய கைகள் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டன. கூடையில் தொடங்கி நாய், பறவை, ஆள் உருவம் என்று போய்ப் பத்து வருடத்தில் டொயோட்டாவில் வந்து நின்றது.

'ஜான்பி' என்றால் அவர்கள் மொழியில் புல். ஜான்பி பாலைவன நெசவாளர்கள் என்ற அந்த அமைப்பில் இன்று 400-க்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். சுமார் மூன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடக்கும் ஊர்கள் அவர்களுடையவை. அதாவது தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்கு நிலம்!

ஆக, 'பூர்வகுடிகளின் பழமையான நெசவு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. சில இடங்களில் அது ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழசு. சில இடங்களில் முப்பது வருடம். சில இடங்களில் அறுந்துபோய், மறுபடி முடிச்சுப் போடப்பட்டது. அந்த முடிச்சுகளின் கதைதான் இது.

முதலில், இது நெசவா?

ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் நெசவு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். தமிழில் நமக்கு வசதி அதிகம். தறியில் செய்தால் நெய்தல், கையால் ஓலையோ நாரோ கொண்டு செய்தால் முடைதல், கயிறு என்றால் திரித்தல். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடம் தறி கிடையாது. அவர்களுடையது முடைதல், பின்னல், திரித்தல், சுருட்டித் தைத்தல். அதிகபட்சக் கருவி ஒரு எலும்பு ஊசி. இப்போது இரும்பு ஊசி.

ஐரோப்பியர்கள் வந்து இறங்கியபோது அந்தக் கண்டத்தில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. மழைக்காடு, சதுப்பு நிலம், பாலைவனம், குளிர்த் தீவு என நிலமும் வேறு வேறு. கையில் கிடைத்த செடிதான் கைவேலையைத் தீர்மானித்தது. கடைகளில் 'டில்லி பேக்' என்று விற்கும் பையின் பெயர்கூட பிரிஸ்பேன் வட்டார யகரா மொழியின் 'டிலி' என்ற சொல்லில் இருந்து வந்தது. வெள்ளைக்காரர்கள் அதை எடுத்துக் கண்டம் முழுக்க இருக்கும் எல்லாப் பைகளுக்கும் ஒட்டிவிட்டார்கள். ஆர்ன்ஹெம் லேண்டின் குன்விஞ்கு மொழிக்காரர்களைக் கேட்டால், இழை பிணைத்து இறுக்கமாக முடைந்த கூடைக்கு 'குன்மாட்', கயிற்றால் பின்னிய பைக்கு 'ஜெர்' என்று தனித்தனியாகச் சொல்வார்கள்.

தாழையும் மஞ்சள் வேரும்

ஆர்ன்ஹெம் லேண்ட் என்பது ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையில் இருக்கும் பூர்வகுடி நிலம். அங்கே முடைதலுக்கு முக்கியமான செடி பண்டானஸ். தமிழ் வாசகர்களுக்கு இது அந்நியமானது அல்ல. தாழம்பூ பூக்கும் நம் தாழையின் நெருங்கிய சொந்தக்காரச் செடிதான் அது. தாழை வேலியோரம் போய்க் கையைக் கீறிக்கொண்டவர்களுக்கு அடுத்து வருவது சுலபமாகப் புரியும்.

பெண்கள் கொக்கி போட்ட நீளக் கம்போடு போவார்கள். முற்றிய இலை வேண்டாம். நடுக்குருத்தில் இருக்கும் இளம் இலைகளை மட்டும் கொக்கியால் இழுத்துப் பிடுங்க வேண்டும். இலையின் இரண்டு ஓரமும் முள். நடு நரம்பிலும் முள். இலை காய்வதற்குள் முள்ளைக் கிழித்து எறிந்து, பிறகு இலையை அதன் தடிமனிலேயே இரண்டாகப் பிரிக்க வேண்டும். நகத்தால் ஒரு முனையில் கீறி, ஒரே இழுப்பில் மேல்தோல் தனி, கீழ்த்தோல் தனி. கேட்கும்போது எளிதாக இருக்கும். பழக்கமில்லாதவர் செய்தால் பாதியிலேயே கிழிந்துவிடும். குழந்தைகள் முதலில் கற்றுக்கொள்வது கூடை முடைவதை இல்லை, இந்தப் பிரித்தலைத்தான். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து நூறு இலையைக் கெடுத்த பிறகு கைக்குப் பதம் வரும்.

அடுத்து சாயம். இது வேரிலும் கிழங்கிலும் இருக்கிறது. மஞ்சள் நிறத்துக்கு ஒரு குறுஞ்செடியின் வேரைத் தோண்டி, இடித்து, இலையோடு சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். அந்தக் கொதிநீரில் குறிப்பிட்ட சாம்பலைப் போட்டால் மஞ்சள் மாறிச் சிவப்புச் சாயல் வரும். தாவரவியல்படி அந்தச் செடி நம்முடைய நுணா, சாயவேர் இரண்டும் இருக்கிற அதே காபிக் குடும்பம். சோழமண்டலக் கரையில் சாயவேரைக் கொண்டு துணிக்குச் சிவப்பேற்றியவர்களும், கடலுக்கு அப்பால் தாழை இலைக்கு நிறம் ஏற்றியவர்களும் தனித்தனியாக ஒரே தாவரக் குடும்பத்தின் வேரைத் தோண்டியிருக்கிறார்கள். சிவப்பும் பழுப்பும் வேண்டும் என்றால் வேறொரு செடியின் ரத்த நிறக் கிழங்கு. எந்தச் செடி எந்த மேட்டில் முளைக்கும், எவ்வளவு வேரை எடுத்து எவ்வளவை மண்ணிலேயே விட வேண்டும், மழைக்கு எத்தனை நாள் கழித்துப் போனால் நிறம் ஏறும்... இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் முழுசாக இல்லை. அம்மாவோடும் சித்தியோடும் காட்டுக்கு நடந்து போனவர்களுக்கே தெரியும்.

கயிறு என்றால் மரப்பட்டை. குர்ராஜாங் மரம், ஆலின் இனத்து மரங்கள் ஆகியவற்றின் உள்பட்டையை உரித்து நாராக்கி, தொடையின் மேல் வைத்து உள்ளங்கையால் உருட்டித் திரிப்பார்கள். ஒரு பைக்கு எத்தனை மீட்டர் கயிறு வேண்டும் என்று யோசித்தால், கடையில் அந்தப் பை ஏன் அந்த விலை என்பது விளங்கும்.

இந்தப் பைகள் சாமான் சுமக்க மட்டும் இல்லை. ஆர்ன்ஹெம் லேண்டின் மிகப் பழைய பாறை ஓவியங்களில் ஓடுகிற, வேட்டையாடுகிற மனிதர்களின் தோளில் பை தொங்குகிறது. வடகிழக்கில் வாழும் யோல்ஙு மக்களின் தோற்றக் கதையில், ஜங்கவு சகோதரிகள் கடல் கடந்து வரும்போது பையும் கூம்பு வடிவப் பாயும் கொண்டுவருகிறார்கள். 'ஙன்மர்ரா' எனப்படும் அந்தப் பாயைக் கருப்பையின் உருவமாகவும் பார்க்கிறார்கள். அதே பாயைக் கொசு கடிக்காமல் குழந்தை தூங்குவதற்குக் கவிழ்த்தும் வைப்பார்கள். புனிதம் ஒரு பக்கம், கொசுவலை ஒரு பக்கம். இரண்டும் ஒரே பொருளில் இருப்பதில் அவர்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. (சொல்லின் முதலில் 'ங' வருவது தமிழில் அபூர்வம். இந்தக் கட்டுரையில் அந்த எழுத்துக்கு நிறைய வேலை இருக்கிறது.)

இங்கே சங்கிலி பெரிதாக அறுபடவில்லை. மனிங்ரிடா பகுதியைச் சேர்ந்த லெனா யாரின்குரா தன் தாயிடம் முடையக் கற்றவர். பையும் பாயும் முடைந்துகொண்டிருந்தவர், அதே நுட்பத்தில் முகாம் நாய்களையும் நீர் ஆவிகளையும் உருவங்களாகச் செய்யத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவின் பெரிய அருங்காட்சியகங்கள் அவற்றை வாங்கின. இப்போது அவர் மகளும் அதே வேலையில் இருக்கிறார். மூன்று தலைமுறை, மூன்று விதமான பொருட்கள், ஒரே கை.

அம்மா சொல்லித் தர மறுத்த கூடை

தெற்கே வந்தால் கதை மாறுகிறது.

விக்டோரியா மாநிலத்தின் தென்மேற்கில் குண்டிஜ்மாரா மக்களின் நிலம் இருக்கிறது. எரிமலைக் கற்களை அடுக்கி வாய்க்கால் வெட்டி, விலாங்கு மீன் வளர்த்தவர்கள் அவர்கள். 6,600 ஆண்டுப் பழமையான அந்த மீன் வளர்ப்பு அமைப்பை 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வாய்க்காலின் வாயில் வைக்க, நீண்ட குழாய் போன்ற பொறிக்கூடைகளைப் பெண்கள் முடைவார்கள். விலாங்கு உள்ளே நுழைந்து மறுமுனையில் தலையை நீட்டும்போது பிடித்துவிடுவார்கள்.

இந்தக் குடும்பங்களில் 1917-ல் பிறந்தவர் கோனி ஹார்ட். (பெரியவர்களை அங்கே மரியாதையாக 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்றுதான் அழைப்பார்கள். அவர் ஆன்ட்டி கோனி.) மிஷன் குடியிருப்புகளில் தாய்மொழி பேசக் கூடாது, பழைய பழக்கம் எதுவும் கூடாது என்ற காலம் அது. அவருடைய அம்மாவுக்குக் கூடை முடையத் தெரியும். ஆனால் மகளுக்குச் சொல்லித் தர மாட்டார். இனி வெள்ளைக்காரர் வழியில்தான் வாழப்போகிறோம், இது உனக்கு எதற்கு என்பது அவர் எண்ணம். மகள் விடவில்லை. அம்மாவும் பாட்டிமாரும் முடையும்போது பதுங்கிப் பதுங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பார்த்ததோடு சரி. கையால் செய்து பார்க்கத் துணியவில்லை. வேலைக்குப் போனார், வாழ்க்கை ஓடியது. அம்மா காலமாகி, தானும் அறுபதைக் கடந்த பிறகுதான் ஒருநாள் புல்லை எடுத்து உட்கார்ந்தார். கை தானாக ஓடியது. சிறுவயதில் கண்ணால் திருடி வைத்தது அத்தனை வருடம் உள்ளேயே இருந்திருக்கிறது. 1993-ல் இறப்பதற்குள் விலாங்குப் பொறி, கூடை எல்லாம் செய்ததோடு, விக்டோரியாவின் பூர்வகுடிப் பெண்கள் பலருக்கும் கற்றுக்கொடுத்தார். அந்த மாநிலத்தில் இன்று முடைகிறவர்கள் தங்கள் கலையின் கண்ணியைச் சொல்லும்போது அடிக்கடி வந்து நிற்கும் பெயர் அவருடையது.

அந்த அம்மா கல் மனசுக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பயம் நிஜமானது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்து 1970 வரை பூர்வகுடிக் குழந்தைகளை அரசே குடும்பத்திடம் இருந்து பிரித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் சேர்த்தது. 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று அவர்களைச் சொல்கிறார்கள். 1997-ல் வெளியான விசாரணை அறிக்கை அதை முழுதாக நாட்டின் முன் வைத்தது. 2008-ல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பழைய வழக்கங்களை விடாத குடும்பம் என்று அதிகாரி கண்ணில் பட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்ற நிலையில், கூடை முடைவது வெறும் கைவேலை இல்லை, ஆபத்து. அப்படி மௌனமான வீடுகளில், பாட்டியிடம் இருந்து பேத்திக்கு வரவேண்டியது வரவே இல்லை.

தெற்கில் இருந்து வடக்குக்குப் போன தையல்

தெற்கு ஆஸ்திரேலியாவில் முர்ரே நதி கடலில் கலக்கும் இடம் கூரோங். ஏரிகளும் உப்பங்கழியுமாக நீளும் அந்த நிலம் ஙாரிஞ்ஜெரி மக்களுடையது. ஆஸ்திரேலியாவின் 50 டாலர் நோட்டில் இருக்கும் எழுத்தாளரும் கண்டுபிடிப்பாளருமான டேவிட் உனைப்பன் இந்த மக்களில் ஒருவர்.

இவர்கள் முடைவது கோரையில். நிஜமாகவே கோரைதான்: பத்தமடைப் பாய்க்குப் பயன்படும் கோரையும் இதுவும் 'சைபரஸ்' என்ற ஒரே பேரினம். ஆனால் செய்முறை வேறு. கோரைத் தண்டுகளை எடுத்துக் காயவைத்து, வேலைக்கு முன் ஈரப்படுத்துவார்கள். ஒரு கொத்துத் தண்டைச் சேர்த்துப் பிடித்து, தனியாக ஒரு தண்டால் அதைச் சுற்றிச் சுற்றி, முந்தைய சுற்றோடு கோத்துத் தைத்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் சின்னச் சுழியாகத் தொடங்கி வட்டமாக விரியும். கொத்தின் தண்டு தீரும் இடத்தில் புதுத் தண்டைச் செருகினால் தொடர்ந்து போகலாம். எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும்.

இந்தச் சுருள் தையலுக்கு ஒரு வினோதமான பயணம் உண்டு. முர்ரே நதிக்கரைப் பூர்வகுடிப் பெண்களிடம் இதைக் கற்ற மேத்யூஸ் என்ற மிஷனரிப் பெண், 1920-களில் வடக்கே ஆர்ன்ஹெம் லேண்ட் கரைக்கு அருகில் உள்ள கோல்பர்ன் தீவு மிஷனுக்குப் போனார். அங்கிருந்த பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் கோரைக்குப் பதில் தங்கள் தாழை இலையில் செய்தார்கள். தங்கள் சாயத்தை ஏற்றினார்கள். இன்று ஆர்ன்ஹெம் லேண்டின் அடையாளம் என்று சுற்றுலாப் பயணிகள் வாங்கும் வண்ண வட்டக் கூடைகள் பல இந்தத் தெற்கத்தித் தையலில் செய்தவை. பூர்வகுடி வழக்கங்களை ஒழிக்க முனைந்த அதே மிஷன் அமைப்பு, ஒரு பூர்வகுடித் தையலைக் கண்டத்தின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்குச் சுமந்திருக்கிறது. வரலாறு அவ்வளவு நேர்க்கோட்டில் போவதில்லை.

அந்தத் தையல் வடக்கே செழித்துக்கொண்டிருந்தபோது, பிறந்த இடத்தில் கிட்டத்தட்ட அணைந்துகொண்டிருந்தது. 1980-களின் தொடக்கத்தில் பழைய முறையில் முடையத் தெரிந்த ஙாரிஞ்ஜெரி மூத்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் டோரதி கார்ட்டின்யேரி. 1982-ல் மெனிங்கி என்ற ஏரிக்கரை ஊரில் ஒரு பயிற்சி வகுப்பு எடுத்தார். அங்கே உட்கார்ந்து கற்றவர்களில் ஒருவர் யுவான் கூல்மேட்ரி. அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு வாக்கில்.

ஒரு வகுப்பு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். கூல்மேட்ரி அதோடு நிற்கவில்லை. அருங்காட்சியகத்தில் இருந்த தன் முன்னோரின் பொருட்களைத் தேடிப் பார்த்தார். எப்படித் தொடங்கினார்கள், எங்கே தண்டைச் செருகினார்கள் என்று பொருளைப் பார்த்தே படித்தார். விலாங்குப் பொறி, நண்டுக்கூடை, இறந்தவர்களை வைக்கும் கூடை என்று ஒவ்வொன்றாக மீட்டார். ஜேனட் வாட்சன் என்ற ஙாரிஞ்ஜெரிப் பெண் 1940-களில் கோரையால் முடைந்த ஒரு விமானமும் இந்த மக்களின் பழைய பொருட்களில் உண்டு. புல்லில் டொயோட்டா செய்தவர்களுக்கு அறுபது வருட மூத்த அக்கா! கூல்மேட்ரியும் பிறகு கோரையில் விமானம் செய்தார், வெப்பக்காற்று பலூனும் செய்தார். 1997-ல் வெனிஸ் பியனாலே கலைவிழாவில் ஆஸ்திரேலியாவின் சார்பில் மூன்று பூர்வகுடிப் பெண்களின் படைப்புகள் வைக்கப்பட்டன. எமிலி காமே குங்வாரே, ஜூடி வாட்சன் ஆகியோரோடு மூன்றாவது பெயர் கூல்மேட்ரி. 2016-ல் பூர்வகுடிக் கலைஞர்களுக்கான வாழ்நாள் சாதனையாகத் தரப்படும் ரெட் ஓக்கர் விருதும் அவருக்குக் கிடைத்தது.

பொருளே ஆசிரியர் ஆனபோது

சொல்லித் தர ஒருவர்கூட மிஞ்சாத இடங்களும் உண்டு. டாஸ்மேனியாவில் கிளிஞ்சல் மாலை கோக்கும் கலை குடும்பங்களில் அறுபடாமல் வந்தது. கூடை முடைவது நின்றுபோனது. 2006-ல் இருந்து சில வருடங்கள் அங்குள்ள பூர்வகுடிப் பெண்கள் ஒன்றுகூடி, அருங்காட்சியகங்களில் இருக்கும் 19-ம் நூற்றாண்டுக் கூடைகளைக் கூர்ந்து பார்த்து, எந்தச் செடி, எந்தப் பின்னல் என்று கண்டுபிடித்துச் செய்யத் தொடங்கினார்கள். கடற்பாசி இலையைக் குவித்துச் செய்யும் தண்ணீர்ப் பையையும் மீட்டார்கள். அந்த முயற்சிக்கு வைத்த பெயர் 'தாயெனெபே'. கொடுத்து வாங்குதல் என்று பொருள்.

குவீன்ஸ்லாந்து மழைக்காட்டில் 'ஜாவுன்' என்ற இரட்டைக் கொம்புக் கூடை. மூலப்பொருள் பிரம்பு. அந்தக் காட்டு விதைகள் பலவற்றில் நஞ்சு இருக்கும். இடித்துக் கூடையில் போட்டு ஓடைத் தண்ணீரில் நாள்கணக்கில் வைத்தால் நஞ்சு வடிந்து உணவாகும். இதை ஆண்கள் முடைவது வழக்கம். ஏப் முரியாட்டா என்ற கிர்ரமய் இனக் கலைஞர் பழைய கூடைகளைப் பார்த்து இதைத் தானே கற்றுத் தேர்ந்தவர். ஆக, முடைதல் என்றாலே பெண்கள் வேலை என்ற கணக்கும் எல்லா இடத்திலும் செல்லாது.

காசு யாருக்குப் போகிறது?

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி.

ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2019-20-ல் பூர்வகுடிக் கலை, கைவினைப் பொருட்களின் சந்தை சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நினைவுப்பொருள் கடைகளில் 'பூர்வகுடி பாணி' என்று விற்றவற்றுக்கு மக்கள் கொடுத்த பணத்தில் பாதிக்கும் மேல் போலிப் பொருட்களுக்குப் போயிருக்கிறது. இந்தோனேசியாவில் செய்த பூமராங் முதலான 18,000-க்கும் மேற்பட்ட பொருட்களை, பூர்வகுடியினர் கையால் செய்ததாகத் தோன்றும்படி விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-ல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

அந்த வழக்கு ஜெயித்தது நுகர்வோர் சட்டத்தில். கலைக்கான சட்டத்தில் இல்லை. இங்கேதான் சிக்கல். காப்புரிமைச் சட்டம் தனி ஒருவர் செய்த குறிப்பிட்ட படைப்பைக் காக்கும். ஒரு இனமே சேர்ந்து வைத்திருக்கும் தையல் முறை, சாயம் காய்ச்சும் அறிவு, முடைதலோடு வரும் கதை ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. யார் வேண்டுமானாலும் அந்தக் கூடையைப் போல ஒன்றைத் தொழிற்சாலையில் செய்யலாம். 'பூர்வகுடி கைவேலை' என்று பொய் சொன்னால்தான் குற்றம். 'பூர்வகுடி பாணி' என்று நைசாக எழுதிவிட்டால் தப்பிக்கலாம். பூர்வகுடிகளின் மரபறிவைக் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவருவோம் என்று 2023 ஜனவரியில் வெளியிட்ட தேசியப் பண்பாட்டுக் கொள்கையில் ஆஸ்திரேலிய அரசு வாக்குக் கொடுத்தது.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழ்ச் சொந்தங்களிடம் 'வரும்போது ஏதாவது வாங்கிட்டு வாங்க' என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். செய்தவர் பெயர், ஊர், எந்தக் கலை மையம் வழியாக வந்தது என்ற சீட்டு இருந்தால் நம்பலாம். கலை மையங்கள் பெரும்பாலும் அந்தந்தச் சமூகமே நடத்துபவை. மனிங்ரிடாவில், குன்பலன்யாவின் இன்ஜலக்கில், கார்ட்வெல்லின் கிரிங்கனில் எல்லாம் அப்படித்தான். சீட்டில் செய்தவர் பெயர் இல்லை என்றால், விலை மலிவாக இருப்பதன் காரணத்தையும் யோசித்துக்கொள்ளலாம்.

கோரைக்குத் தண்ணீர் வேண்டும்

கையும் இருக்கிறது, கற்றுத் தர ஆளும் வந்தாயிற்று. செடி? கூரோங்கில் இன்றைய பெரிய கவலை இதுதான். கோரை வளர்ந்த ஈர நிலங்கள் பல பண்ணைகளாகி வேலிக்குள் போய்விட்டன. பாட்டி அறுத்த இடத்தில் பேத்தி அறுக்க, நில உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். 1935-க்கும் 1940-க்கும் இடையில் முர்ரே முகத்துவாரத்தில் தடுப்பணைகள் கட்டியதில் நன்னீரும் கடல்நீரும் கலந்த பழைய சமநிலை மாறியது. மேலே பருத்திக்கும் நெல்லுக்கும் பழத்தோட்டங்களுக்கும் தண்ணீர் திருப்பப்படுகிறது. கடைமடைக்காரர் கஷ்டம் என்னவென்று காவிரிக் கரையில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை.

2000-களின் கடும் வறட்சியில் கீழ் ஏரிகளின் நீர் கடல் மட்டத்துக்கும் கீழே இறங்கியது. கரையில் இருந்த நாணலும் கோரையும் தண்ணீருக்கு எட்டாத தூரத்தில் நின்று காய்ந்தன. வெளியே தெரிந்த ஏரிப்படுகை அமிலமாக மாறத் தொடங்கியது. அதன் பிறகு நடந்த மீட்புப் பணியில் ஙாரிஞ்ஜெரி மக்களும் நாற்றங்கால் வைத்துக் கரையோரச் செடிகளை வளர்த்து நட்டார்கள். முடைகிறவர்களுக்கு நதிநீர்ப் பங்கீடு என்பது அரசியல் செய்தி மட்டும் இல்லை. அடுத்த வருடம் கூடை உண்டா இல்லையா என்ற கேள்வி.

வடக்கே பிரச்சினை தலைகீழ். அங்கே கடல் புதுசாக ஒரு மூலப்பொருளைக் கொண்டுவந்து கொட்டுகிறது. மீன்பிடிக் கப்பல்கள் தொலைத்த, வீசியெறிந்த நைலான் வலைகள் கார்ப்பென்டேரியா வளைகுடாவில் மிதந்து, ஆமைகளையும் மீன்களையும் சிக்கவைத்துக் கொன்றுவிட்டுக் கரை ஒதுங்குகின்றன. 'பேய் வலை' என்று பெயர். கேப் யார்க் தீபகற்பத்தின் போர்ம்புராவ் போன்ற ஊர்களில் அந்த வலைகளைப் பிரித்து, கயிறாக்கி, பழைய கைப்பழக்கத்திலேயே சுற்றித் தைத்து முதலையும் சுறாவும் ஆமையும் செய்கிறார்கள். நைலானுக்குச் சாயம் காய்ச்ச வேண்டியதில்லை. பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாகத்தான் வருகிறது.